இயேசு கன்னியிடம் பிறந்தார் என்று ஏன் சொல்கிறோம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் இந்தக் கேள்விகளும் வந்துவிடும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள், வாலிபர் கூட்டத்தில் கேட்பார்கள், கேரல் பாடப் போகிற தெருவில் இந்து, முஸ்லிம் நண்பர்களும் கேட்பார்கள். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவன். என்னிடம் வந்த கேள்விகளையும் வேதாகமத்திலும் சபை வரலாற்றிலும் படித்துத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உள்ள இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

கன்னிப் பிறப்பு என்று சரியாக எதைச் சொல்கிறீர்கள்?

மரியாள் எந்த ஆணோடும் சேராமல், பரிசுத்த ஆவியின் செயலால் இயேசுவைக் கருத்தரித்தார் என்பதைத்தான். வேதாகமம் அதிசயம் என்று காட்டுவது கருத்தரித்ததை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றத் தாய்மாருக்கு நடப்பதுபோலவே நடந்தது. பிரசவ காலம் வந்தது, பிள்ளை பிறந்தது, துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்தினார், எட்டாம் நாளில் பெயர் வைத்தார்கள். லூக்கா இவ்வளவுதான் எழுதுகிறார். பிரசவத்தின்போதும் அதற்குப் பிறகும் அவர் கன்னியாகவே இருந்தார் என்பது கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளின் போதனை. அதைக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

இது வேதாகமத்தில் எங்கே இருக்கிறது?

மத்தேயு முதல் அதிகாரத்திலும் லூக்கா முதல் அதிகாரத்திலும். மத்தேயு யோசேப்பின் பக்கம் நின்று சொல்கிறார், லூக்கா மரியாளின் பக்கம் நின்று சொல்கிறார். மத்தேயுவில் தூதன் யோசேப்புக்குக் கனவில் தோன்றுகிறான். லூக்காவில் காபிரியேல் நாசரேத்துக்கு மரியாளிடமே வருகிறான். ஒன்றில் கிழக்கிலிருந்து வரும் சாஸ்திரிகள், ஏரோதின் கொலைவெறி, எகிப்துக்கு ஓட்டம். இன்னொன்றில் குடிமதிப்பு, மேய்ப்பர்கள், தேவாலயத்தில் காத்திருந்த சிமியோன். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால் இவ்வளவு வித்தியாசம் வந்திருக்காது. ஆனாலும் சில விஷயங்களில் இரண்டும் ஒத்துப்போகின்றன: தாவீதின் வம்சத்து யோசேப்புக்கு நியமிக்கப்பட்டவர் மரியாள், அவர்கள் கூடிவருமுன்னே பரிசுத்த ஆவியால் கர்ப்பம், பிள்ளைக்கு இயேசு என்று பெயர், பிறந்தது பெத்லகேம், வளர்ந்தது நாசரேத். இவர்கள் இருவரும் எழுத உட்காருமுன்பே இந்தச் செய்தி சபைகளில் இருந்திருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

மத்தேயுவின் தொடக்கத்தில் உள்ள வம்ச வரலாற்றைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாமல் வாசியுங்கள். இன்னான் இன்னானைப் பெற்றான், அவன் இன்னானைப் பெற்றான் என்று ஆபிரகாமிலிருந்து ஒரே நடையில் வந்து, யோசேப்பிடம் வந்ததும் நடை மாறுகிறது. "யாக்கோபு மரியாளுடைய புருஷனாகிய யோசேப்பைப் பெற்றான், அவளிடத்தில் கிறிஸ்து என்னப்படுகிற இயேசு பிறந்தார்." யோசேப்பு இயேசுவைப் பெற்றான் என்று மத்தேயு எழுதவில்லை. அதே பட்டியலில் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என்று நாலு பெண்களையும் சேர்த்திருக்கிறார். ஊர் வாயில் விழுந்தவர்கள், அந்நிய தேசத்தார் என்று ஒதுக்கப்பட்டவர்கள். மரியாளைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று மத்தேயுவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் இந்தப் பெண்களை அவருக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

அவ்வளவு முக்கியம் என்றால் மாற்கும் யோவானும் பவுலும் ஏன் சொல்லவில்லை?

மாற்கு இயேசுவின் பிறப்பைப் பற்றியே எழுதவில்லை, யோவான் ஸ்நானகனின் பிரசங்கத்தில் தொடங்கிவிடுகிறார். யோவான் நற்செய்தி ஆதியிலே இருந்த வார்த்தையிலிருந்து தொடங்கி, "அந்த வார்த்தை மாம்சமாகி" என்று ஒரே வரியில் பிறப்பைச் சொல்லிவிடுகிறது. பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது இயேசு "ஸ்திரீயினிடத்திற் பிறந்தவர்" என்கிறார், தகப்பன் பெயர் சொல்லவில்லை. இதை வைத்துப் பவுலுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்று சாதிக்க நான் முயல மாட்டேன். பவுல் நல்ல சமாரியன் உவமையையும் சொல்லவில்லை. முதல் பிரசங்கிகளின் செய்தி சிலுவையும் உயிர்த்தெழுதலும்தான். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு செய்த பிரசங்கத்தில் பெத்லகேம் வரவே இல்லை. உயிர்த்தெழுந்தவர் யார் என்று கேட்டுக்கொண்டே பின்னோக்கிப் போன சபைதான் அவர் எப்படி வந்தார் என்பதையும் சொல்லத் தொடங்கியது. எனவே கிறிஸ்தவ விசுவாசத்தின் அஸ்திவாரம் கன்னிப் பிறப்பு என்று சொல்வது சரியாகாது. அஸ்திவாரம் உயிர்த்தெழுதல். அதை ஏற்றவர்களுக்கே இது பொருள் தருகிறது.

அந்தக் காலத்து மக்களுக்கு அறிவியல் தெரியாது. அதனால்தானே இதை நம்பினார்கள்?

பிள்ளை எப்படி உண்டாகும் என்பது யோசேப்புக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் மரியாளை இரகசியமாய்த் தள்ளிவிட யோசித்தார். மரியாளுக்கும் தெரியும். "இது எப்படியாகும்? புருஷனை அறியேனே" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இந்தக் கதையில் முதலில் சந்தேகப்பட்டவர்கள் அவர்கள் இரண்டு பேருமே.

இன்று சிலர் பல்லிகளையும் சுறாக்களையும் காட்டி, ஆண் இல்லாமல் இனப்பெருக்கம் நடக்கிறதே, அப்படி ஏதாவது இருக்கலாம் என்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்கிறார்கள். ஆனால் அந்த வழி எங்கும் கொண்டுபோய் விடாது. மனிதரில் ஆண்பிள்ளை பிறக்க ஒய் குரோமோசோம் வேண்டும், அது தாயிடம் இல்லை. அப்படியே இயற்கையில் ஒரு வழி கண்டுபிடித்தாலும், அது அபூர்வமான உயிரியல் நிகழ்வு ஆகுமே தவிர, வேதாகமம் சொல்கிற செய்தி ஆகாது. சபை இதைக் கடவுளின் செயல் என்றே அறிக்கையிடுகிறது. ஒன்றுமில்லாமையிலிருந்து உலகத்தைப் படைத்தவர் ஒருவர் உண்டு என்று நம்புகிறவருக்கு இது நடக்கக்கூடிய காரியம், அப்படி ஒருவர் இல்லை என்பவருக்கு நடக்க முடியாத காரியம். உண்மையான வாக்குவாதம் அங்கேதான், ஆய்வகத்தில் இல்லை.

சரி, இதற்கு அர்த்தம் என்ன? கடவுள் ஏன் இப்படிச் செய்ய வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நடந்ததா இல்லையா என்றே பேசிக்கொண்டிருந்து, ஏன் என்பதை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

பழைய ஏற்பாட்டில் பிள்ளை இல்லாத தாய்மார் வரிசையாக வருகிறார்கள். தொண்ணூறு வயதில் சாராள், அப்புறம் ரெபெக்காள், ராகேல், சிம்சோனின் தாய், தேவாலயத்தில் அழுத அன்னாள். புதிய ஏற்பாட்டின் வாசலில் எலிசபெத்து. எல்லாருடைய கதையிலும் ஓர் ஏக்கம் இருக்கிறது, பலருடைய கதையில் ஜெபமும் பொருத்தனையும் இருக்கின்றன. மனிதர் முயன்று முடியாமல்போன இடத்தில் கடவுள் கொடுக்கிறார். மரியாளின் கதையில் இவை எதுவுமே இல்லை. அவர் பிள்ளை கேட்கவில்லை, ஏங்கவில்லை, பொருத்தனை செய்யவில்லை, திருமணமே இன்னும் முடியவில்லை. மனித முயற்சி தோற்ற இடம்கூட அல்ல இது, தொடங்கவே தொடங்காத இடம். அங்கே கடவுள் தாமாக முன்வந்து கொடுக்கிறார். இரட்சிப்பு என்பது நாம் உழைத்து உண்டாக்கிக் கடவுளிடம் நீட்டுவது அல்ல, அது அவரிடமிருந்து வருகிறது என்று பவுல் கிருபையைப் பற்றி வாதாடிச் சொன்னதை, மத்தேயுவும் லூக்காவும் ஒரு பிறப்பாகச் சொல்லிவிட்டார்கள். கன்னிப் பிறப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இதன் கூடவே படைப்பின் நினைவும் இருக்கிறது. ஆதியாகமத்தில் ஜலத்தின்மேல் அசைவாடிய ஆவியானவர் இங்கே மரியாள்மேல் வருகிறார். "உன்னதமானவருடைய பலம் உன்மேல் நிழலிடும்" என்கிறான் தூதன். வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தை மேகம் மூடியதும் கர்த்தருடைய மகிமை அதை நிரப்பியது யாத்திராகமத்தின் கடைசியில் வருகிறதே, லூக்காவின் வார்த்தைகள் அதை நினைப்பூட்டுகின்றன. புதிதாக ஒரு மனிதகுலம் தொடங்குகிறது. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரத்து ஆயர் இரேனியுஸ், ஏவாளின் கீழ்ப்படியாமையால் விழுந்த முடிச்சை மரியாளின் கீழ்ப்படிதல் அவிழ்த்தது என்று எழுதினார்.

அடுத்தது, ஆண்களாகிய நாம் வசதியாகத் தாண்டிப்போகிற விஷயம். ராஜ்யமும் சொத்தும் பெயரும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிற உலகம் அது. ஏரோது தன் சிங்காசனத்துக்காகப் பெற்ற பிள்ளைகளையே கொன்றவன். அந்த உலகத்தில் கடவுள் தம் காரியத்தைத் தொடங்கியபோது எந்த ஆணுடைய பலத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. இருபதாம் நூற்றாண்டின் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் இதை அழுத்திச் சொன்னார்: வரலாற்றை நடத்துகிறவனாக நிற்கும் ஆண் இங்கே விலக்கி நிறுத்தப்படுகிறான். யோசேப்புக்கு ஒரு வேலை உண்டு, ஆனால் அது பின்னால் வருகிறது. "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்" என்று மரியாள் பாடுவது தன் வயிற்றில் நடந்ததைப் பார்த்துத்தான்.

இன்னொன்று, அந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்கப்பட்டது. தூதன் சொல்கிறான், அவர் கேள்வி கேட்கிறார், பதில் கிடைக்கிறது, அதன் பிறகே "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்நார்து தம் பிரசங்கம் ஒன்றில், ஆதாமும் ஆபிரகாமும் தாவீதும் உலகம் முழுவதும் மரியாளின் பதிலுக்காகக் காத்துக்கிடப்பதாகக் காட்டி, சீக்கிரம் பதில் சொல்லுங்கள் தாயே என்று கெஞ்சுகிறார். சர்வ வல்லவர் ஒரு கிராமத்துப் பெண்ணின் பதிலுக்குக் காத்திருந்தார் என்பதைத் தியானிக்க எனக்கு ஓர் ஆயுள் போதாது.

கடவுளின் மகன் என்றால், பரிசுத்த ஆவிதான் இயேசுவுக்குத் தகப்பனா?

இல்லை. தகப்பன் இருக்க வேண்டிய இடத்தில் ஆவியானவர் வந்தார் என்று எந்தச் சபையும் போதித்ததில்லை. இயேசு கடவுளின் மகனாக இருப்பது பெத்லகேமில் தொடங்கவில்லை. "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்கிறது யோவான். என்றென்றும் மகனாக இருக்கிறவர் காலம் நிறைவேறினபோது மனிதனானார். கன்னிப் பிறப்பு அதற்கு அடையாளம், காரணம் அல்ல. பிற்காலத்தில் பதினாறாம் ஆசீர்வாதப்பர் என்ற பெயரில் போப்பாண்டவரான யோசேப் ராட்சிங்கர், 1968ல் வெளியான தம் நூலில், இயேசு சாதாரணத் திருமணத்தில் பிறந்திருந்தாலும் அவருடைய தெய்வீகம் பற்றிய போதனை பாதிக்கப்படாது என்று எழுதினார். அவர் கன்னிப் பிறப்பை உறுதியாக நம்பியவர். இறைமகன் என்பது உயிரியல் கணக்கு அல்ல என்பதைக் காட்டவே அப்படிச் சொன்னார்.

முஸ்லிம்களும் இதை நம்புகிறார்களாமே?

ஆமாம். குர்ஆனின் 19ஆவது அத்தியாயத்துக்குப் பெயரே மர்யம். குர்ஆனில் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஒரே பெண் அவர். ஆண் தொடாமல் ஈசா நபி பிறந்தார் என்று அது சொல்கிறது. ஆனால் அவர் இறைமகன் என்பதை மறுக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் ஈசாவின் நிலை ஆதமைப் போன்றது, ஆதம் மண்ணிலிருந்து படைக்கப்பட்டார் என்று வருகிறது. ஆதமுக்கும் தகப்பன் இல்லை. முந்தின பதிலில் சொன்னதற்கு இதுவே நல்ல சாட்சி. தகப்பன் இல்லாமல் பிறந்தார் என்பதால் மட்டும் ஒருவர் கடவுள் என்று ஆகிவிடாது. இந்த விஷயத்தில் முஸ்லிம் நண்பர்களோடு பேச நமக்கு நிறைய இருக்கிறது, நல்ல மனதோடு பேசலாம்.

குந்தி–கர்ணன் கதை, கிரேக்கப் புராணக் கதைகள் மாதிரிதானே இதுவும்?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கேட்பவர்கள் கேலியாகக் கேட்பதில்லை, தங்களுக்குத் தெரிந்த கதையோடு சேர்த்துப் புரிந்துகொள்ளவே கேட்கிறார்கள். துர்வாசர் கொடுத்த மந்திரத்தைக் குந்தி சொல்ல, சூரியன் வந்து, அவனால் கர்ணன் பிறந்தான். கர்ணனுக்குத் தகப்பன் சூரியன்தான். கிரேக்கக் கதையில் சேயுஸ் பொன்மழையாக வந்து தனாயேயிடம் பெர்சேயுஸைப் பெற்றான். இந்தக் கதைகளில் தெய்வம் தகப்பனாகிறது. லூக்காவில் அப்படி எதுவும் இல்லை, எந்த உருவமும் வரவில்லை, சேர்க்கையும் இல்லை. படைக்கிறவர் படைக்கிறார், அவ்வளவுதான். யூதர்களுக்குக் கடவுள் ஒரு பெண்ணோடு சேர்ந்தார் என்பது நினைத்தே பார்க்க முடியாத தூஷணம். இந்த இரண்டு சுவிசேஷப் பகுதிகளிலும் யூத வாசனை அவ்வளவு கனமாக இருக்கும்போது, கிரேக்கக் கதையிலிருந்து எடுத்தார்கள் என்பது எனக்குப் பொருந்திவரவில்லை.

இந்த ஒப்பீடு புதிதும் அல்ல. இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தின் என்ற கிறிஸ்தவ அறிஞரே ரோமருக்கு எழுதும்போது பெர்சேயுஸைக் குறிப்பிட்டார்.

குந்தி ஊருக்குப் பயந்து பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டார். அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்று நமக்குப் புரிகிறது. மரியாளுக்கும் அதே ஆபத்து இருந்தது. அதைத்தான் அடுத்துச் சொல்ல வேண்டும்.

யோசேப்பின் இடம் என்ன? அவர் தகப்பன் இல்லையென்றால் இயேசு எப்படித் தாவீதின் வம்சம் ஆவார்?

யூதரிடையே நியமிக்கப்படுவது நம் ஊர் நிச்சயதார்த்தத்தைவிடப் பலமானது. சட்டப்படி அவர்கள் கணவன் மனைவிதான், சேர்ந்து வாழத் தொடங்கவில்லை என்பது மட்டுமே பாக்கி. பிரிய வேண்டுமென்றால் தள்ளுதற்சீட்டு கொடுக்க வேண்டும். அந்த நிலையில் இருக்கிற பெண் வேறொருவனால் கர்ப்பமானால், உபாகமம் 22ஆம் அதிகாரத்தின்படி தண்டனை கல்லெறிந்து கொல்வது. நடைமுறையில் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், அவமானம் ஆயுளுக்கும் நிற்கும்.

யோசேப்பு என்ன செய்தார்? "நீதிமானாயிருந்து, அவளை அவமானப்படுத்த மனதில்லாமல்" என்று மத்தேயு எழுதுகிறார். கனவு வருவதற்கு முன்பே, நியாயம் தன் பக்கம் இருப்பதாக நினைத்தபோதே, அவர் அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் யோசித்தார். நீதி என்பதற்கு வேதாகமத்தில் இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை. பிறகு தூதன் சொல்ல, மரியாளைச் சேர்த்துக்கொண்டார், பிள்ளைக்கு இயேசு என்று பெயரும் வைத்தார். தகப்பன் பெயர் வைப்பது பிள்ளையைத் தன் பிள்ளை என்று ஏற்றுக்கொள்வது. அந்த ஏற்பால் இயேசு தாவீதின் குமாரன் ஆகிறார். தூதனும் அவரை "தாவீதின் குமாரனாகிய யோசேப்பே" என்றுதான் கூப்பிடுகிறான். சட்டப்படியான தகப்பன் உண்மையான தகப்பன்தான். தத்துப்பிள்ளை வளர்க்கிற பெற்றோருக்கு நான் இந்த அதிகாரத்தைத்தான் வாசித்துக் காட்டுவேன். மரியாளும் தாவீதின் வம்சம் என்று பழைய பாரம்பரியம் உண்டு, ஆனால் மத்தேயு அதைச் சார்ந்து வாதம் செய்யவில்லை.

வதந்தி பேசியவர்களும் இருந்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற தத்துவஞானி, இயேசு பந்தேரா என்ற போர்வீரனுக்குப் பிறந்தவர் என்ற பேச்சைத் தன் நூலில் எழுதினான், மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் அதற்குப் பதில் எழுதினார். நம் ஆண்டவருடைய தாய் இந்தப் பேச்சைச் சுமந்தவர். இன்று நம் சபையில் ஒரு பெண்ணைப் பற்றி வம்பு பேச்சு எழும்பினால் அதில் வாய் கலக்குமுன் இதை நினைக்க வேண்டும்.

"இதோ, ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி" என்று ஏசாயா சொன்னது இயேசுவைப் பற்றித்தானா?

ஏசாயா 7ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசிக்க வேண்டும். கிறிஸ்துவுக்கு முன் சுமார் 735. யூதாவின் ராஜா ஆகாஸுக்கு எதிராகச் சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் கூட்டுச் சேர்ந்து வருகிறார்கள். ஆகாஸ் நடுங்குகிறான். ஏசாயா அவனிடம் ஓர் அடையாளம் கேள் என்கிறார், அவன் கேட்க மறுக்கிறான். அப்போது வருகிறது இம்மானுவேல் என்ற பிள்ளையின் அடையாளம். அந்தப் பிள்ளை நன்மை தீமை அறியுமுன்னே இந்த இரண்டு ராஜாக்களுடைய தேசமும் பாழாகும் என்று 16ஆம் வசனம் சொல்கிறது. கி.மு. 732ல் தமஸ்கு அசீரியரிடம் விழுந்தது. ஆக, அந்த வார்த்தை ஆகாஸின் காலத்திலேயே ஒரு பொருளோடு நிறைவேறியது. இதைச் சொல்ல கிறிஸ்தவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

எபிரெய மூலத்தில் இளம்பெண் என்று பொருள்படும் சொல் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கத்தில் மொழிபெயர்த்த யூதர்கள் கன்னி என்ற சொல்லைப் போட்டார்கள், மத்தேயு அதை எடுத்தாண்டார். யுஸ்தினும் திரிபோ என்ற யூதரும் இதைப் பற்றி வாதாடியதாக யுஸ்தினே எழுதியிருக்கிறார். நான் கவனிப்பது வேறு. இந்த வசனத்தை வைத்து மேசியா கன்னியிடம் பிறப்பார் என்று யூதர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததற்குப் பழைய யூத எழுத்துகளில் தெளிவான சான்று கிடையாது. அப்படி இருக்க, வசனத்துக்காகக் கதையை உண்டாக்கினார்கள் என்பது பொருந்தவில்லை. மரியாளுக்கு நடந்தது முதலில் தெரிந்திருந்தது, அந்த வெளிச்சத்தில் ஏசாயாவைத் திறந்த மத்தேயு அங்கே "தேவன் நம்மோடிருக்கிறார்" என்ற பெயரைக் கண்டார். அவருக்கு அந்தப் பெயர்தான் முக்கியம். தம் நற்செய்தியை முடிக்கும்போதும் "நான் உங்களுடனேகூட இருக்கிறேன்" என்ற இயேசுவின் வார்த்தையோடே முடிக்கிறார்.

தாம்பத்தியம் அசுத்தம் என்பதால்தான் இப்படி ஒரு பிறப்பா? பாவம் இல்லாமல் பிறப்பதற்கு இதுதான் வழியா?

அசுத்தம் என்று வேதாகமம் எங்கேயும் சொல்லவில்லை. "பலுகிப் பெருகி" என்று ஆசீர்வதித்தவர் கடவுள், உன்னதப்பாட்டும் வேதத்தில்தான் இருக்கிறது. லூக்கா எலிசபெத்தின் கர்ப்பத்தையும் மரியாளின் கர்ப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஒன்று கணவனால் உண்டானது, இரண்டிலும் பரிசுத்த ஆவி இருக்கிறார், இரண்டு பிள்ளைகளுக்காகவும் சந்தோஷம்.

ஆதாமிலிருந்து மனிதர் எல்லாரிடமும் பிறவியிலேயே இருக்கும் பாவத்தை ஜென்மபாவம் என்பார்கள். அது தகப்பன் வழியாகத்தான் வருகிறது, அதனால் தகப்பன் இல்லாமல் பிறந்தார் என்று சில பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். இதற்கு வசனம் இல்லை. தாயும் ஆதாமின் சந்ததிதானே! ஆண் பெண் சேர்க்கையின் இச்சையோடு ஜென்மபாவத்தை இணைத்துப் பேசியவர் அகுஸ்தீன், அவருடைய செல்வாக்கில் இந்த எண்ணம் மேற்கத்திய சபைகளில் வேர்விட்டது. இயேசு பாவமில்லாதவர் என்பது ஆவியானவரின் செயலாலும் அவர் யார் என்பதாலும் வருவது.

மரியாளின் அமல உற்பவம் என்பதும் இதுவும் ஒன்றா?

வேறு. அமல உற்பவம் மரியாள் தன் தாயின் வயிற்றில் உருவானதைப் பற்றியது. அவர் ஜென்மபாவம் இல்லாமல் உருவானார் என்பது அதன் பொருள். 1854 டிசம்பர் 8ல் போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் இதைக் கத்தோலிக்க விசுவாசமாக அறிவித்தார். புராட்டஸ்டண்ட் சபைகள் இதை ஏற்பதில்லை, ஆர்த்தடாக்ஸ் சபைகளும் இந்த வடிவில் ஏற்பதில்லை. வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும் செப்டம்பர் 8 மரியாளின் பிறந்தநாள், டிசம்பர் 8லிருந்து சரியாக ஒன்பது மாதம். அதேபோல காபிரியேல் மரியாளுக்குச் செய்தி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாள் மார்ச் 25, அதற்கு ஒன்பது மாதத்தில் கிறிஸ்துமஸ்.

மரியாள் கடைசிவரை கன்னியாகவே இருந்தாரா? இயேசுவுக்குச் சகோதரர்கள் இருந்தார்களே?

மாற்கு 6ஆம் அதிகாரத்தில் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று நாலு பேர் பெயரும், சகோதரிகளும் வருகிறார்கள். இவர்கள் யார் என்பதில் நாலாம் நூற்றாண்டிலிருந்தே மூன்று கருத்து. யோசேப்புக்கும் மரியாளுக்கும் பிறகு பிறந்தவர்கள் என்பது ஒன்று. யோசேப்பின் முந்தைய மனைவியின் பிள்ளைகள் என்பது ஆர்த்தடாக்ஸ் சபையில் வழங்குவது. ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்பது வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோனிமுஸ் வாதாடியது, கத்தோலிக்கர் பெரும்பாலும் இதைச் சொல்வார்கள். சீர்திருத்தத் தலைவர்களான மார்ட்டின் லூதரும் சுவிங்லியும்கூட மரியாள் எப்போதும் கன்னி என்றே நம்பினார்கள் என்பது இன்றைய புராட்டஸ்டண்ட் பலருக்குத் தெரியாது. வசனத்தை நேராக வாசித்தால் கூடப் பிறந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதற்காகப் பக்கத்துத் தெருக் கத்தோலிக்கக் குடும்பத்தோடு சண்டை போடுவது தேவையில்லாத வேலை.

சபை இதை எப்போதிலிருந்து அறிக்கையிடுகிறது?

இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. அந்தியோக்கியாவின் ஆயர் இஞ்ஞாசியார், ரோமில் மிருகங்களுக்குப் போடப்படக் கைதியாகக் கொண்டுபோகப்பட்ட வழியில், எபேசு சபைக்குக் கடிதம் எழுதினார். மரியாளின் கன்னிமை, அவருடைய பிரசவம், ஆண்டவரின் மரணம் ஆகிய மூன்றும் இந்த உலகத்தின் அதிபதிக்கு, அதாவது சாத்தானுக்கு, மறைக்கப்பட்ட இரகசியங்கள் என்றார். கவனியுங்கள், கன்னிமையோடு பிரசவத்தையும் சேர்க்கிறார். அன்று பலர் இடறியது கன்னி என்பதில் அல்ல, பிறந்தார் என்பதில்! கடவுள் எப்படி இரத்தமும் சதையுமாகப் பிறப்பார், மனிதனைப்போலத் தோன்றினார், அவ்வளவுதான் என்று ஒரு கூட்டம் போதித்தது. குழாய் வழியே தண்ணீர் போவதுபோல மரியாள் வழியே வந்தார், அவரிடமிருந்து ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை என்று ஞானவாதப் போதகர் வாலண்டினஸின் சீடர்கள் சொன்னதாக இரேனியுஸ் எழுதுகிறார். மறுபக்கம் எபியோனியர் என்ற யூதக் கிறிஸ்தவர்களில் பலர், இயேசு யோசேப்பின் மகன்தான் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று சபை சொன்னது: மரியாளிடமிருந்து மெய்யாகவே மனிதன், கடவுளிடமிருந்து மெய்யாகவே கடவுள்.

நாம் ஆராதனையில் சொல்கிற அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தில் "பரிசுத்த ஆவியினாலே கன்னிமரியாளிடத்தில் உற்பவித்துப் பிறந்தார்" என்று வருகிறது. 381ல் கான்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் நிக்கேயா பிரமாணத்திலும் இருக்கிறது. 431ல் எபேசு சங்கம் மரியாளைக் கடவுளின் தாய் என்று அழைப்பது சரி என்று தீர்மானித்தது. அவர் பெற்றெடுத்த பிள்ளையும் கடவுளின் மகனும் ஒருவரே என்று காப்பதற்காகத்தான் அந்தத் தீர்மானம். விசுவாசப்பிரமாணத்தில் இயேசுவைத் தவிர இரண்டு மனிதர் பெயர்தான் வரும். ஒருவர் அவரைப் பெற்ற மரியாள், இன்னொருவன் அவரைக் கொல்ல ஒப்புக்கொடுத்த பொந்தியு பிலாத்து.

இதை நம்ப முடியாதவர் கிறிஸ்தவர் இல்லையா?

சபையின் விசுவாசம் இது என்பதில் ஐயமில்லை, அதை மாற்றிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் எமில் புருன்னர் போன்ற பெரிய இறையியலாளர்கள் இயேசு கடவுளின் மகன் என்று முழு மனதோடு நம்பியும், கன்னிப் பிறப்பை ஏற்கவில்லை. அவர்கள் எதையோ இழந்தார்கள் என்று நினைக்கிறேன், ஆனால் அவர்களை விசுவாசிகள் அல்ல என்று சொல்ல மாட்டேன். அப்போஸ்தலர் நடபடிகளில் யாரும் ஞானஸ்நானத்துக்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டதாக இல்லை. சந்தேகத்தோடு வருகிற வாலிபரிடம் நான், முதலில் சிலுவையையும் திறந்த கல்லறையையும் பாருங்கள், மரியாளிடம் பிறகு வரலாம் என்பேன். இதை ஏற்கிறாயா இல்லையா என்று மிரட்டிக் கேட்டு நாம் சபையைவிட்டு ஓட்டியவர்களே அதிகம்.

சிறுபிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

எட்டு வயதுவரை, "கடவுள் மரியாளுக்கு ஒரு பாப்பாவைக் கொடுத்தார், யோசேப்பு அந்தப் பாப்பாவுக்கு அப்பாவாக இருந்து பார்த்துக்கொண்டார்" என்பது போதும். அதில் பொய்யே இல்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் நேராகக் கேட்பார்கள், வெட்கப்பட்டு மழுப்பாமல் நேராகவே பதில் சொல்லுங்கள். வகுப்பில் அப்பா இல்லாத பிள்ளைகளும் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதை மனதில் வைத்து, "உண்மையான அப்பா இல்லை" போன்ற பேச்சைத் தவிர்க்கவும்.

நானே வாசித்துப் பார்க்க எங்கே தொடங்கலாம்?

லூக்கா 1:26லிருந்து 56வரை ஒரே மூச்சில் வாசியுங்கள், பிறகு மத்தேயு முதல் அதிகாரம். அதன்பின் 1 சாமுவேல் 2ஆம் அதிகாரத்தில் அன்னாளின் பாட்டை மரியாளின் பாட்டோடு வைத்துப் பாருங்கள், எத்தனை வரிகள் ஒத்திருக்கின்றன என்று தெரியும். ஏசாயா 7ஐ 9:6வரை தொடர்ந்து வாசித்தால் இம்மானுவேல் பகுதி தெளிவாகும். பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால், கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பில் வாசிக்கலாம்.